எல்லையோரச் சாலைகளில் ஓட்டும் ஸ்போர்ட்ஸ் காரை எவ்வளவு இறக்கலாம், எதைப் போட்டு இறக்கலாம்

காரை இறக்க வேண்டும் என்று சொல்பவர்கள் முதலில் கை வைத்துக் காட்டுவது டயருக்கும் ஃபெண்டருக்கும் நடுவில் இருக்கும் இடைவெளியைத்தான். நாலு விரல் நுழைகிறது, இரண்டு விரலாக வேண்டும், கணக்கு அதோடு முடிந்துவிடுகிறது. ஆனால் உள்ளே உட்கார்ந்து போகிறவரின் முதுகுக்கு என்ன நடக்கும் என்பதைத் தீர்மானிப்பது வெளியே தெரியாத வேறொரு இடைவெளி. ஷாக் அப்சார்பரின் தண்டு உள்ளே இறங்கி, கடைசியில் தாங்க வைத்திருக்கும் ரப்பர் கட்டையான பம்ப் ஸ்டாப்பில் முட்டுவதற்கு முன் எத்தனை மில்லிமீட்டர் மிச்சம் இருக்கிறது என்பதுதான் அது. ஸ்பிரிங்கா, கிட்டா, காயிலோவரா, ஏர் சஸ்பென்ஷனா என்ற கேள்விக்கெல்லாம் அந்த மில்லிமீட்டரை வைத்துத்தான் பதில் சொல்ல முடியும் என்பது என் கருத்து.

நான் இருப்பது கேரள-தமிழ்நாடு எல்லையில், கொழிஞ்சாம்பாறைப் பக்கம். வார நாட்களில் ஓடுவது வேறு வண்டி. ஞாயிறு காலை வெளியே வருவது ஒரு பழைய பிஎம்டபிள்யூ இசட்4, 2009 முதல் 2016 வரை வந்த இ89 மாடல், இரண்டே சீட், கெட்டியான உலோகக் கூரை மடங்கி டிக்கிக்குள் போய்விடும். எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இப்படி வார இறுதி வண்டி வைத்திருக்கும் நண்பர்கள் நிறையப் பேர், ஒருவரிடம் ஆடி டிடி, ஒருவரிடம் மினி கூப்பர் எஸ், இன்னொருவரிடம் நன்றாகப் பராமரித்த போலோ ஜிடி, எல்லோரும் என்னிடம் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: இறக்கினால் சொகுசு போய்விடுமா?

நம் ரோட்டை முதலில் பேசிவிடலாம், ஏனென்றால் ஜெர்மனியில் ஓட்டிப் பார்த்து எழுதிய விமர்சனத்தை அப்படியே இங்கே எடுத்துக்கொள்ள முடியாது. வாளையாறு வழியாகப் போகும் என்.எச். 544 அகலமானது, அதில் எந்த சஸ்பென்ஷனும் நன்றாகத்தான் இருக்கும். வேலந்தாவளம் வழியாக கோவைக்குப் போனால் ஊருக்கு ஊர் வேகத்தடை. சித்தூர் பக்கத்து வாய்க்கால் கரை ரோடுகளில் தார் ஓரம் உடைந்து மண்ணோடு ஒரு படி மாதிரி நிற்கும், எதிரே பஸ் வந்தால் அதில் இறங்கித்தான் ஆக வேண்டும். நெம்மாறாவிலிருந்து போத்துண்டி அணையைத் தாண்டி நெல்லியாம்பதி ஏறும்போது ஒடுக்கமான காட்டுப்பாதை, கொண்டை ஊசி வளைவுகளின் உள்பக்கம் மழையில் அரித்துப் போயிருக்கும். ஆழியாறிலிருந்து வால்பாறை ஏறினால் 40 கொண்டை ஊசி வளைவுகள், அங்கே தரையைவிட வளைவின் சரிவுதான் முன் பம்பரின் கீழ் விளிம்பை, அதாவது லிப்பைப் பதம் பார்க்கும். இந்த ரோடுகளில் காரை ரசித்து ஓட்டத்தான் வண்டியே வாங்கினோம், ஆகவே அளவுகோலும் இவைதான்.

சரி, கணக்கு. கார் நின்ற நிலையிலிருந்து சஸ்பென்ஷன் மேலே போக உங்கள் வண்டியில் 70 மி.மீ. இடம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு பள்ளத்தில் விழுந்து எழும் ஆற்றலை ஸ்பிரிங் விழுங்குவது அது அமுங்கும் தூரத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. தூரம் பாதியானால் விழுங்கும் சக்தி நாலில் ஒன்றாகிவிடும். 15 மி.மீ. இறக்கினால் மிச்சம் 55, அதே பள்ளத்தை முட்டாமல் தாண்ட ஸ்பிரிங் சுமார் 1.6 மடங்கு கெட்டியாக இருக்க வேண்டும். 30 மி.மீ. இறக்கினால் மிச்சம் 40, இப்போது மூன்று மடங்குக்கும் மேல். ஷாக்கும் பம்ப் ஸ்டாப்பும் இதில் ஒரு பங்கைச் சுமக்கும் என்பதால் நிஜத்தில் இவ்வளவு கொடூரம் இருக்காது, ஆனால் போக்கு இதுதான். முதல் 15 மில்லிமீட்டருக்குக் கொடுக்கும் விலையைவிட இரண்டாவது 15-க்குக் கொடுக்கும் விலை மிக அதிகம். கடையில் விற்கும் லோயரிங் ஸ்பிரிங்குகள் பெரும்பாலும் கம்பெனி ஸ்பிரிங்கைவிடக் கொஞ்சம்தான் கெட்டியாக இருக்கும், 10 முதல் 30% வரை. அந்தப் பற்றாக்குறையைச் சுமப்பது பம்ப் ஸ்டாப். "இறக்கினேன், வண்டி கட்டை மாதிரி ஆகிவிட்டது" என்று சொல்பவர்களில் பெரும்பாலோரின் வண்டியில் குற்றவாளி ஸ்பிரிங் கிடையாது. வண்டி எந்நேரமும் பம்ப் ஸ்டாப் மேலேயே உட்கார்ந்து ஓடுகிறது, அதுதான் விஷயம்.

கெட்டியான ஸ்பிரிங் என்றாலே பயப்பட வேண்டாம் என்பதற்கும் ஒரு கணக்கு இருக்கிறது. ஒரு சக்கரத்தின் மேல் 350 கிலோ உட்கார்ந்திருக்கிறது, சக்கரத்தில் அளந்தால் ஸ்பிரிங் ஒரு மில்லிமீட்டருக்கு 28 நியூட்டன் என்று வையுங்கள், வண்டி விநாடிக்கு 1.4 தடவை மேலும் கீழும் ஆட விரும்பும், அதாவது 1.4 ஹெர்ட்ஸ். ஸ்பிரிங்கை 36 ஆக்கினால் 1.6 ஹெர்ட்ஸ். சாதாரண குடும்பக் கார்கள் 1 முதல் 1.5 வரை, ரோட்டில் ஓடும் ஸ்போர்ட்ஸ் கார்கள் 1.5 முதல் 2 வரை, அதற்கு மேலே போனால் ரேஸ் டிராக். 28-ஐ 56 ஆக்கினால் சரியாக 2 ஹெர்ட்ஸ் வரும், நெல்லியாம்பதி ரோட்டில் அது எனக்கு வேண்டாம். 1.4-க்கும் 1.6-க்கும் உள்ள வித்தியாசத்தை நல்ல ஷாக் இருந்தால் பக்கத்து சீட்டில் இருப்பவர் உணரவே மாட்டார்.

இன்னொரு விஷயம், முன்னும் பின்னும் எவ்வளவு கெட்டி என்ற விகிதம். ஜெனரல் மோட்டார்ஸில் வேலை செய்த மாரிஸ் ஆலி 1930-களிலேயே கண்டுபிடித்துச் சொன்னது: ஒரு மேட்டை முன் சக்கரம் முதலில் சந்திக்கிறது, பின் சக்கரம் கொஞ்சம் தாமதமாக, அதனால் பின்பக்கம் சற்று வேகமாக ஆடினால்தான் முன்பக்கத்தை எட்டிப் பிடித்து இரண்டும் சேர்ந்து அடங்கும், இல்லையென்றால் வண்டி மூக்கைத் தூக்கித் தூக்கிப் போடும். நம் மாதிரி வண்டிகளில் இரண்டு சக்கரத்துக்கும் நடுவில் சுமார் 2.5 மீட்டர்தான், 60 கி.மீ. வேகத்தில் பின் சக்கரம் மேட்டுக்கு வருவது 0.15 விநாடி கழித்து. வளைவில் நன்றாகப் பிடிக்கும் என்று முன்பக்கத்தை மட்டும் ரொம்பக் கெட்டியாக்கும் கிட்டுகள் இந்த ஒத்திசைவைக் கெடுத்துவிடும், பக்கத்தில் இருப்பவருக்குத் தலை ஆடிக்கொண்டே இருக்கும். கிட் வாங்கும்போது முன், பின் ஸ்பிரிங் அளவைக் கேளுங்கள். கேட்டால் சொல்லத் தெரியாத கடையில் வாங்காதீர்கள்.

இப்போது ஒவ்வொரு வழியாகப் பார்க்கலாம்.

இறக்குவதற்கு முன்னால் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது, அதை யாரும் செய்வதில்லை: டயர். என் இசட்4 மாதிரி வண்டிகள் ரன்ஃப்ளாட் டயரோடு வந்தவை, காற்றே இல்லாவிட்டாலும் வண்டியைத் தாங்க வேண்டும் என்பதால் அதன் பக்கச்சுவர் ரப்பர் மிகக் கெட்டி, சின்னச் சின்ன வெடிப்புகளையும் தார் ஒட்டுகளையும் அப்படியே சீட் வரை கொண்டுவரும். சாதாரண டயருக்கு மாற்றினால் கிடைக்கும் சொகுசு, எந்த விலை உயர்ந்த ஷாக்கும் தனியாகத் தராத சொகுசு. ஸ்டெப்னி கிடையாது என்பதால் பஞ்சர் கிட்டும் சின்ன கம்ப்ரஸரும் டிக்கியில் கட்டாயம் வேண்டும், நெல்லியாம்பதி மேலே பஞ்சர் கடையைத் தேடி அலைய முடியாது. அப்புறம் ரிம் அளவு. 225/35 ஆர்19 டயரில் பக்கச்சுவர் 79 மி.மீ., 225/40 ஆர்18-இல் 90, 225/45 ஆர்17-இல் 101. மொத்த விட்டம் கிட்டத்தட்ட ஒன்றுதான், ஆனால் பள்ளத்துக்கும் ரிம்முக்கும் நடுவில் 22 மி.மீ. ரப்பரும் காற்றும் கூடுதலாக வருகிறது, ரிம் வளைவதும் குறைகிறது. பிரேக்குக்கு இடம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு ஒரு இஞ்ச் கீழே வாருங்கள். 19 இஞ்ச் ரிம்மை வைத்துக்கொண்டு 30 மி.மீ. இறக்கிவிட்டு சொகுசைத் தேடுவது நடக்காத காரியம், ரிம்மை 18 ஆக்கி 15 மி.மீ. இறக்கினால் இரண்டும் கிடைக்கும்.

மலிவான வழி ஸ்பிரிங் மட்டும் மாற்றுவது. ஐபாக் ப்ரோ-கிட், எச் அண்ட் ஆர் போன்ற நல்ல பெயர் உள்ள ஸ்பிரிங்கை வாங்கி, இருக்கும் ஷாக்கோடு போட்டுவிடலாம், ஒரு நாளில் வேலை முடிந்துவிடும். இதை நான் முழுக்க மறுக்கவில்லை. வண்டி புதியது, ஷாக் புதியது, இறக்குவது 15 முதல் 20 மி.மீ., இந்த மூன்றும் பொருந்தினால் இதுவே போதும். 30% கெட்டியான ஸ்பிரிங்கைப் புது ஷாக் சமாளித்துவிடும், அதன் அடக்கும் திறன் ஒப்பீட்டில் 12% மாதிரிதான் குறையும். ஆனால் இங்கே வார இறுதி வண்டி என்றால் பெரும்பாலும் செகண்ட் ஹேண்ட், பத்து வயது தாண்டியது. அந்த ஷாக் ஏற்கெனவே களைத்துப் போயிருக்கும், பழைய ஸ்பிரிங்கோடு அது தெரியாமல் ஓடியிருக்கும். புது ஸ்பிரிங் வந்ததும் வேகத்தடை தாண்டின பிறகும் வண்டி இரண்டு தடவை துள்ளும், அடுத்த சில மாதத்தில் எண்ணெய் கசியும், அப்புறம் ஷாக் மாற்ற மறுபடியும் அதே லேபர். அதனால் பழைய வண்டிக்கு ஸ்பிரிங் மட்டும் என்ற வழியை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். ஸ்பிரிங்கை வெட்டி இறக்கித் தருகிறேன் என்று சொல்லும் பட்டறைகளும் இருக்கின்றன. வெட்டின ஸ்பிரிங் இருக்கையில் சரியாக உட்காராது, வண்டி துள்ளும்போது இடம் மாறும், அது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். அதைப் பற்றி ஒப்பிட எதுவுமில்லை.

என் மனசு சாய்வது அடுத்த வழிக்கு: ஸ்பிரிங்கும் அதற்கென்றே செய்த ஷாக்கும் சேர்ந்த கிட். இதில் பலர் தவறவிடும் நுணுக்கம் ஷாக்கின் நீளம். பில்ஸ்டீன் கம்பெனியில் பி6 என்பது கம்பெனி உயரத்துக்கான ஷாக். பி8 என்பது இறக்கின வண்டிக்காக நீளம் குறைத்துச் செய்தது. பி8-ஐயும் ஐபாக் ஸ்பிரிங்கையும் சேர்த்து பி12 என்று ஒரே பெட்டியில் விற்கிறார்கள். நீளம் குறைந்த ஷாக்கில் தண்டு சரியான இடத்தில் நிற்கும், அதற்கேற்ற பம்ப் ஸ்டாப்பும் இருக்கும், நான் மேலே சொன்ன மில்லிமீட்டர் கொஞ்சம் திரும்பக் கிடைக்கும். உயரத்தை மாற்ற முடியாது, அது குறையென்று சிலர் சொல்வார்கள், எனக்கு அது நிம்மதி. தயாரித்தவர் உட்கார்ந்து ஸ்பிரிங், ஷாக், பம்ப் ஸ்டாப் மூன்றையும் ஒன்றுக்கொன்று பொருத்திப் பார்த்த உயரம் அது ஒன்றுதான். ஷாக்கைத் தேர்வு செய்யும்போது பார்க்க வேண்டியது, தண்டு மெதுவாக நகரும்போது இறுக்கமாகவும் வேகமாக நகரும்போது இளகியும் இருக்கிறதா என்பது. வளைவில் வண்டி சாய்வது மெதுவான அசைவு, அங்கே இறுக்கம் வேண்டும். பள்ளத்தில் சக்கரம் விழுவது படு வேக அசைவு, அங்கே வால்வு திறந்து வழி விட வேண்டும். ஓலின்ஸ் ரோட் அண்ட் டிராக்கில் இருக்கும் இரட்டை ஓட்ட வால்வும் கோனி ஸ்பெஷல் ஆக்டிவ் ஷாக்கும் இந்தப் பிரச்சினைக்கு வெவ்வேறு விதமாகக் கொடுத்த தீர்வுகள். நம் ரோட்டில் பணம் போட வேண்டிய இடம் இந்த வால்வுதான்.

இதோடு சேர்த்துச் சொல்ல வேண்டியது கம்பெனியே விற்கும் ஸ்போர்ட் சஸ்பென்ஷன். உங்கள் மாடலிலேயே உயர்ந்த வேரியன்ட்டில் வந்த ஸ்பிரிங், ஷாக், வளைவில் சாய்வைக் குறைக்கும் ஸ்டெபிலைசர் பார் இவற்றை வாங்கி மாட்டலாம். எவ்வளவு இறக்கலாம் என்பதற்கும் இது நல்ல சாட்சி. போர்ஷே 718 கேமனை, பட்டனில் இறுக்கம் மாறும் மின்னணு ஷாக்கோடு வாங்கியிருந்தால் சாதாரண வண்டியைவிட 10 மி.மீ. தாழ்வு, ஸ்போர்ட் சஸ்பென்ஷனோடு வாங்கியிருந்தால் 20 மி.மீ. தாழ்வு. கையில் எவ்வளவோ ஆய்வுக்கூடமும் டிராக்கும் வைத்திருக்கிற பொறியாளர்கள் டிராக்கை மனதில் வைத்துச் செய்யாத ரோட்டு வண்டிக்கு 20-இல் நிறுத்தினார்கள் என்றால் நாம் 40 போக என்ன காரணம் இருக்கிறது? பார்வைக்கு அழகு என்ற ஒரே காரணம்தான்.

காயிலோவர். ஷாக்கின் மேலேயே மரை வெட்டி ஸ்பிரிங் இருக்கையை ஏற்றி இறக்கும்படி செய்தது. இதில் தரம் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். மலிவான செட்டில் முப்பது கிளிக் இருக்கும், முதல் கிளிக்குக்கும் கடைசிக் கிளிக்குக்கும் நடுவில் எது சரி என்று தெரியாமல் வாரக்கணக்கில் திருகிக்கொண்டு இருப்பீர்கள். நல்ல பக்கம் பார்த்தால் பில்ஸ்டீன் பி14-இல் உயரம் மட்டும் மாற்றலாம், பி16-இல் இறுக்கத்தையும் மாற்றலாம். கேடபிள்யூ கம்பெனியின் வேரியன்ட் 1-இல் உயரம் மட்டும், 2-இல் தண்டு வெளியே வரும் இறுக்கமும், 3-இல் உள்ளே போவதும் வெளியே வருவதும் தனித்தனியாக. அவர்களே ஸ்ட்ரீட் கம்ஃபர்ட் என்று சொகுசுக்காக ஒரு வரிசையும் செய்கிறார்கள். இந்த இரண்டு இறுக்கத்தையும் தனித்தனியாகத் திருத்தத் தெரிந்த ஆள் பக்கத்தில் இல்லாவிட்டால் வேரியன்ட் 3-க்குக் கொடுக்கும் கூடுதல் காசு வீண். சொகுசு வேண்டுமென்றால் காயிலோவரின் ஒரே ஒரு பெரிய லாபத்தைப் பயன்படுத்துங்கள்: அனுமதித்த உயர வரம்பின் மேல் எல்லையில் வையுங்கள். 10, 15 மி.மீ. தாழ்வில் நிறுத்தி ஓட்டினால் நல்ல காயிலோவர் கம்பெனி சஸ்பென்ஷனைவிட அமைதியாகப் போகும், நான் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். பிரச்சினை என்னவென்றால் மரை கையில் இருந்தால் யாரும் மேலே நிறுத்துவதில்லை.

காயிலோவரில் ஸ்பிரிங் இருக்கையை மட்டும் கீழே திருகும் வகையில், இறக்க இறக்க சக்கரம் மேலே போகக்கூடிய தூரம் குறையும். ஷாக்கின் அடிப்பகுதியையே திருகி நீளத்தை மாற்றும் வகையில் தண்டின் ஓட்டம் அப்படியே இருக்கும், ஆனால் டயர் ஃபெண்டரின் உள்பக்கத்தில் போய் முட்டும் தூரம் குறைவதை எந்த வகையும் மாற்றாது. இங்கே இன்னொன்று, துரு. பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஜூனில் உள்ளே வரும் மழை இந்தப் பக்கத்தை நன்றாக நனைக்கும், செம்மண் சேறு மரையில் ஏறிக் காய்ந்தால் அடுத்த வருஷம் திருகினால் நகராது. கேடபிள்யூ துருப்பிடிக்காத எஃகு உடலோடு செய்கிறது, அது இங்கே நிஜமாகவே உதவும். மற்றவற்றில் மழைக்கு முன்னும் பின்னும் கழுவி கிரீஸ் வைக்க வேண்டும்.

ஏற்கெனவே மின்னணு ஷாக் உள்ள வண்டி என்றால் அதைக் கழற்றிப் போட மனசு வராது, வரவும் வேண்டாம். அந்த ஷாக்கை வைத்துக்கொண்டே உயரம் மாற்றும் ஸ்பிரிங் செட் மட்டும் கேடபிள்யூவில் உண்டு. 15 மி.மீ. இறக்கிவிட்டு கம்ஃபர்ட் பட்டனை அழுத்திப் போகலாம்.

ஏர் சஸ்பென்ஷனைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நிறுத்தும்போது தரையோடு தரையாக, வேகத்தடைக்கு முன் ஏற்றிக்கொள்ளலாம், சொகுசும் நன்றாகவே இருக்கும். ஆனால் டேங்க், கம்ப்ரஸர், குழாய், வால்வு எல்லாம் சேர்ந்து எடை கூடும், சின்ன டிக்கி உள்ள இரண்டு சீட் வண்டியில் இடம் போகும், ஈரக்காற்றில் டேங்கில் தண்ணீர் சேரும், கசிவு வந்தால் கோவையைத் தாண்டிப் பார்ப்பவர் குறைவு. கண்காட்சிக்கு வண்டி வைப்பவருக்கு ஏற்றது. ஓட்டுவதற்காக வைத்திருப்பவருக்கு நான் சொல்ல மாட்டேன். இதற்கு நடுவில் காயிலோவரோடு சேர்த்துப் போடும் ஹைட்ராலிக் லிஃப்ட் ஒன்று உண்டு, பட்டனை அழுத்தினால் முன்பக்கம் சுமார் 40 மி.மீ. எழும்பும். வீட்டு வாசலிலேயே செங்குத்தான சரிவு இருப்பவருக்கு அது நியாயமான செலவு.

அந்தச் சரிவையும் வேகத்தடையையும் அளந்து பார்த்துவிடுங்கள், ஊகம் வேண்டாம். முன் லிப் தரையிலிருந்து 110 மி.மீ., டயர் தரையைத் தொடும் இடத்திலிருந்து லிப் 850 மி.மீ. முன்னால் என்றால், ஏறக்கூடிய கோணம் சுமார் 7.4 டிகிரி. எட்டுக்கு ஒன்று என்ற சரிவு 7.1 டிகிரி, தப்பித்துவிடும். 30 மி.மீ. இறக்கினால் கோணம் 5.4, பத்துக்கு ஒன்று என்ற சாதாரண சரிவே 5.7, அதிலேயே உரசும். 15 மட்டும் இறக்கினால் 6.4, பத்துக்கு ஒன்றைத் தாண்டலாம். வேகத்தடையில் நிலைமை வேறு. இந்திய சாலைக் காங்கிரஸின் ஐ.ஆர்.சி. 99 வழிகாட்டியில் சொன்ன வட்ட வேகத்தடை 3.7 மீட்டர் அகலம், 10 செ.மீ. உயரம், 17 மீட்டர் ஆரம். அந்த வடிவத்தில் 2.5 மீட்டர் வீல்பேஸ் வண்டியின் வயிற்றுக்கு வேண்டிய இடம் வெறும் 46 மி.மீ.தான், எவ்வளவு இறக்கின வண்டியும் போய்விடும். ஆனால் ஊர்க்காரர்கள் விபத்துக்குப் பயந்து போட்ட குறுகின தடைகளில் வண்டி ஏறி நின்றால் தடையின் முழு உயரத்தையும் வயிறு தாண்ட வேண்டும். உங்கள் தெருவிலும் நீங்கள் வாராவாரம் போகும் ரோட்டிலும் இருக்கும் மோசமான தடை எவ்வளவு உயரம் என்று ஸ்கேல் வைத்துப் பாருங்கள், இரண்டு பேர் உட்கார்ந்து டேங்க் நிரப்பின நிலையில் வண்டியின் தாழ்ந்த இடத்தையும் அளங்கள். இந்த இரண்டுக்கும் நடுவில் மிச்சமிருக்கும் எண்ணைவிட அதிகமாக இறக்க யாருக்கும் உரிமை கிடையாது.

வளைவில் நன்றாக ஓடும் என்பதற்காக இறக்குபவர்களுக்கு ஒரு வார்த்தை. முன்பக்கம் மெக்ஃபர்சன் ஸ்டிரட் (ஸ்பிரிங்கும் ஷாக்கும் ஒரே தூணாகச் சக்கரத்தைப் பிடிக்கும் வகை) உள்ள வண்டியில் நிறைய இறக்கினால், சக்கரத்தைக் கீழே பிடித்திருக்கும் லோயர் ஆர்மின் வெளிமுனை மேல்நோக்கிப் போய்விடும், வண்டி சாய்வதற்கான மையம் வண்டியின் எடை மையத்தைவிட வேகமாகக் கீழே இறங்கும், கடைசியில் உயரமாக இருந்தபோது சாய்ந்ததைவிட இப்போது அதிகமாகச் சாயத் துடிக்கும். அதை அடக்க இன்னும் கெட்டி ஸ்பிரிங், சொகுசு இன்னும் போகும். பள்ளத்தில் ஏறினால் ஸ்டீயரிங் தானே திரும்பும் குணமும் கூடும். 15, 20 மி.மீ. வரை இந்தத் தொல்லை பெரிதாகத் தெரியாது. செட்டிபாளையத்தில் இருக்கும் கரி மோட்டார் ஸ்பீட்வே டிராக்கில் ஓட்ட ஆசைப்படுபவருக்கும் நான் சொல்வது இதுவே: உயரத்தைத் தொடுவதற்கு முன் நல்ல டயர், நல்ல பிரேக் பேட், சரியான அலைன்மெண்ட்.

மாட்டும் வேலையில் சொகுசு எப்படிப் போகும் என்பது யாரும் பேசாத பகுதி. சஸ்பென்ஷன் ஆர்ம்களின் மூட்டுகளில் இருக்கும் ரப்பர் புஷ்கள் முறுக்கேறி வேலை செய்பவை. வண்டியை லிஃப்டில் தூக்கி, சக்கரம் தொங்கும் நிலையில் போல்ட்டை இறுக்கிவிட்டால், கீழே இறக்கினதும் ஒவ்வொரு புஷ்ஷும் முறுக்கிக்கொண்டே நிற்கும், வண்டி காரணமில்லாமல் விறைப்பாக இருக்கும், சில மாதத்தில் ரப்பர் கிழியும். கோவையில் நான் நம்பி வண்டி விடும் மெக்கானிக் அண்ணன் ஒவ்வொரு முறையும் பையன்களிடம் சொல்வது, "தம்பி, வண்டி நாலு கால்ல நிக்கட்டும், அப்புறம் முறுக்கு." எந்தப் பட்டறைக்குப் போனாலும் இதைக் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். ஸ்டிரட்டின் மேல் மவுண்ட், பேரிங், பம்ப் ஸ்டாப், தூசி உறை இவற்றைப் புதிதாகப் போடுங்கள், ஷாக்கோடு ஒப்பிட்டால் விலை சொற்பம், பழையதைப் போட்டால் புது ஷாக்கிலும் டக் டக் சத்தம் வரும். ஸ்பிரிங் சில நூறு கி.மீ. ஓடி உட்கார்ந்த பிறகு நான்கு சக்கர அலைன்மெண்ட், ஹெட்லைட் உயரம் இரண்டும் கட்டாயம். டயரின் உள்விளிம்பு தேய்வதற்குக் கேம்பரை, அதாவது சக்கரத்தின் சாய்வைக் குறை சொல்வார்கள், பெரும்பாலும் காரணம் டோ அளவு, அதாவது சக்கரம் உள்ளே வெளியே திரும்பி நிற்கும் கோணம் மாறியிருப்பது. உயரத்தை அளக்கும்போது தரையிலிருந்து அளக்காமல் சக்கரத்தின் மையத்திலிருந்து ஃபெண்டர் விளிம்பு வரை அளங்கள், டயர் மாறினாலும் அந்த எண் மாறாது.

சட்டம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, தயாரிப்பாளர் குறித்த விவரங்களிலிருந்து பதிவுச் சான்றின் விவரங்கள் மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. கேரளாவிலிருந்து மேலே போன ஒரு வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதைக் கண்டிப்பாக வலியுறுத்தியது. அதே ஆண்டு திருத்தத்தில் 182ஏ பிரிவு மாற்றி எழுதப்பட்டது, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். கேரள மோட்டார் வாகனத் துறை இதில் கறாராக இருப்பது இந்தப் பக்கம் எல்லோருக்கும் தெரியும், டிஎன் நம்பராக இருந்தாலும் வாளையாறைத் தாண்டினால் அவர்கள் சாலைதான். அதனால் தரையில் தேய்க்கும் வண்டியோடு எல்லையைத் தாண்டுவதை யோசித்துச் செய்யுங்கள், கம்பெனியின் சொந்த ஸ்போர்ட் பாகங்கள் என்ற வழி இந்தக் காரணத்துக்காகவும் என் பட்டியலில் மேலே இருக்கிறது. எந்த மாற்றமானாலும் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு எழுத்தில் தெரிவியுங்கள், ஆர்.டி.ஓ. அலுவலகத்திலும் கேட்டுவிடுங்கள்.

என்னைக் கேட்டால் டிடி வைத்திருக்கும் நண்பருக்கு 18 இஞ்ச் சாதாரண டயரும் 20 மி.மீ.க்கு மேல் போகாத ஸ்பிரிங்-ஷாக் கிட்டும். மினிக்காரர் ரன்ஃப்ளாட்டைக் கழற்றிவிட்டு ஒரு மாதம் ஓட்டிப் பார்க்கட்டும், இறக்கும் ஆசை அதிலேயே பாதி தீரலாம். போலோவில் ஷாக் புதிது, அவருக்கு நல்ல ஸ்பிரிங் மட்டும் போதும். மாதம் ஒரு தடவை டிராக்குக்குப் போய், மறுநாள் அதே வண்டியில் அம்மாவைக் கோயிலுக்குக் கூட்டிப் போகிறவர் இருந்தால் அவருக்கு பி16 மாதிரி இறுக்கம் மாற்றக்கூடிய காயிலோவர், உயரம் மேல் எல்லையில்.

எதை வாங்குவதற்கு முன்னும் ஒரு சோதனை செய்யுங்கள், செலவு கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. ஷாக்கின் தூசி உறையை மேலே தள்ளி, தண்டில் ஒரு கேபிள் டையை இறுக்காமல் சுற்றி, ஷாக் உடலைத் தொடும்படி கீழே இறக்கி வையுங்கள். வழக்கமாகப் போகும் ரோட்டில், வழக்கமான வேகத்தில், இரண்டு பேரோடு போய் வந்து பாருங்கள். உடல் மேலே வந்த தூரம் வரை டை தள்ளப்பட்டிருக்கும். அங்கிருந்து பம்ப் ஸ்டாப் வரை இன்னும் எவ்வளவு மிச்சம் என்பதுதான் நீங்கள் சொகுசை விட்டுக்கொடுக்காமல் இறக்கக்கூடிய அளவு. 25 மிச்சம் இருந்தால் 15 தாராளம், 10 மிச்சம் இருந்தால் முதலில் ஷாக்கை மாற்றுங்கள். இந்தச் சோதனையை கோடையில் புதுத் தார் போட்ட சமயத்தில் செய்ய வேண்டாம், மழை ஓய்ந்து பள்ளங்கள் இன்னும் அடைக்கப்படாத செப்டம்பர், அக்டோபரில் செய்யுங்கள், அப்போது கிடைக்கும் எண்ணை நம்பி ஆர்டர் போடலாம்.